சிடி4 ஒன்றே போதுமா? வேலூர் ஆய்வக மாணவர்களுக்குப் பதில்கள்

ஆன்டிபாடி கொண்டு நோய் எதிர்ப்புச் செல்களை அடையாளம் காண்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதக் குறிகளுக்கு சிடி3, சிடி4 என்று எண்ணிட்ட பெயர்கள் உண்டு. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி தனக்குரிய குறியில் ஒட்டி அதைக் காட்டும்.

காட்பாடி மாணவி: மேடம், சிடி4 ஆன்டிபாடி ஒட்டிய எல்லாவற்றையும் உதவி டி செல்கள் என்று கணக்கிட்டேன். வழிகாட்டி ஏற்கவில்லை. ஏன்?

அவர் சொல்வதே சரி, அம்மா. மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களிலும் சிடி4 உண்டு. டி செல்லைவிடக் குறைவு, அவ்வளவுதான். முதலில் டி செல்களின் குறியான சிடி3 உள்ளவற்றைப் பிரித்தெடுங்கள். அதற்குள் சிடி4 பாருங்கள். மோனோசைட்டுகளின் குறியான சிடி14-க்குரிய ஆன்டிபாடியும் சேர்த்தால் அவை தனியே தெரிந்துவிடும். இல்லாத குறியும் சாட்சிதான்: சிடி56 இருந்து சிடி3 இல்லையென்றால்தான் அது என்கே செல் (இயற்கைக் கொல்லி செல்). சில டி செல்களும் சிடி56 தாங்கி நிற்கும். ஒற்றைக் குறியை நம்பிச் செல்லுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

குடியாத்தம் மாணவர்: சிடி3, சிடி4 என்ற இந்த எண்களை யார் வைத்தார்கள்?

கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். இன்றைய சிடி4-ஐ அடையாளம் காணும் ஆன்டிபாடிகளுக்கு ஓகேடி4, லியூ-3 என்றெல்லாம் பெயர்கள். 1982-இல் பாரிஸில் கூடி ஒப்பிட்டுப் பொது எண் வரிசையைத் தொடங்கினார்கள்.

ஆற்காடு மாணவி: ஒட்டவே கூடாத செல்களும் ஒளிர்கின்றன. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

புட்டியைக் குறைசொல்லும் முன் செல்களைப் பாருங்கள். இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். 7-ஏஏடி போன்ற சாயம் சவ்வு உடைந்த செல்லுக்குள் மட்டும் நுழையும். அந்தச் சாயத்தில் ஒளிர்வதை விலக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். அடுத்து, மோனோசைட்டுகளிலும் பி செல்களிலும் உள்ள எஃப்சி ஏற்பிகள் ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும். அங்கே குறி இருப்பதாகத் தோன்றும், இருக்காது. அந்த ஏற்பிகளை அடைக்கும் கரைசலை முதலில் சேருங்கள். இன்னொன்று: ஆன்டிபாடி அளவு. கூடுதலாக ஊற்றினால் தெளிவு கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கூடுவது பின்னணி ஒளிதான். புதுப் புட்டி வந்ததும் படிப்படியாக நீர்த்துப் பார்த்து, ஒட்டியவையும் ஒட்டாதவையும் நன்றாக விலகி நிற்கும் அளவைக் குறித்துவையுங்கள். அந்த ஒரு நாள் வேலை பல மாதத் தலைவலியைத் தவிர்க்கும்.

ராணிப்பேட்டை மாணவர்: கோடையில் மின்சாரம் போய்விடுகிறது. ஆன்டிபாடி புட்டிகளை ஃப்ரீசரில் வைக்கலாமா?

கூடவே கூடாது. ஆன்டிபாடியில் ஏற்றும் பிஇ என்ற ஒளிரும் சாயம் ஒரு புரதம், உறைந்தால் கெடும். 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் வையுங்கள். இரண்டு சாயங்களை இணைத்துச் செய்த இரட்டைச் சாயங்கள் வெளிச்சத்திலும் சூட்டிலும் முதலில் பழுதாகும். ஐயம் வந்தால் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் சோதித்துப் பாருங்கள்.

ஆம்பூர் ஆய்வக உதவியாளர்: எச்ஐவி நோயாளிகளுக்கு சிடி4 எண்ணுவதும் இதே முறையா?

ஆம். 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகள் நம் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சிடி4 உள்ள டி செல்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 200-க்குக் கீழே இறங்கினால் நோய் முற்றிய நிலை. சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மருத்துவருக்கு எண்ணிக்கையும் வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த மாதிரியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருவதானால் வெளிவெப்பம் புகாத பெட்டியில், 20 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, இரத்தம் எடுத்த அன்றே சேர்த்துவிடுங்கள்.