ஆங்கிலத்தின் ‘ஹோல்’ (hole) என்ற சொல்லுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல் இல்லை. ‘உட்குழிந்தது’ எனப் பொருள்படும் பழைய ஆங்கில வேரிலிருந்து பிறந்ததால், அடியுள்ள பள்ளத்தையும் மறுபுறம் வரை திறந்த ஓட்டையையும் ‘ஹோல்’ ஒருசேரக் குறிக்கிறது. தமிழோ இடம் பார்த்துப் பெயரிடும்: சாலையில் குழி, வாளியில் ஓட்டை, வேட்டியில் பொத்தல், மரத்தில் பொந்து, நண்டுக்கு வளை. (ஊசித் துளையை மட்டும் நாம் காது என்கிறோம், அவர்கள் கண் என்கிறார்கள்.) நெல், அரிசி, சோறு என நாம் பிரிப்பதை ஆங்கிலம் பெரும்பாலும் ‘ரைஸ்’ என்றே முடித்துக்கொள்வதைப் போன்றது இது. கோட்டைச் சுவரில் அம்பெய்வதற்காக விடப்பட்ட ஒடுங்கிய திறப்பான ‘லூப்ஹோல்’, பிற்காலத்தில் சட்டத்தின் ஓட்டையையும் குறிக்கலாயிற்று. ‘முழுமை’ எனப் பொருள்படும் ‘ஹோல்’ (whole) இதே ஒலியுடையதாயினும், எழுத்திலும் வேரிலும் வேறான தனிச்சொல்.