மரபணுச் சோதனை வந்த பிறகும் சினை ஊசி நோட்டு தேவையா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எட்டு கலப்பின ஜெர்சி மாடுகள் வளர்க்கிறேன். சினை ஊசி போட்ட தேதி, காளை எண், கன்று ஈன்ற தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். ஒரே காளைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த என் இரு கிடேரிகளுக்கு இப்போது மரபணுச் சோதனைக்காக மாதிரி எடுத்திருக்கிறார்கள். இனி நோட்டு எதற்கு? இரண்டில் ஒன்றை விற்கலாமா?

பதில்: நோட்டை நிறுத்திவிடாதீர்கள். வம்சாவளியும் (எந்தக் கன்றுக்கு எது தாய், எது தந்தை என்ற பதிவும்) பால் பதிவும் சேர்ந்தால்தான் மரபணுச் சோதனை முழுப் பயன் தரும்.

வம்சாவளிக் கணக்கு சராசரியை மட்டுமே அறியும். உங்கள் கிடேரிகள் இரண்டும் கால் பங்கு மரபணுக்களைப் பகிர்கின்றன என்று அது எடுத்துக்கொள்ளும். ஆனால் காளை தன் மரபணுக்களில் பாதியையே ஒவ்வொரு கன்றுக்கும் தருகிறது. எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும். சோதனையில் பயன்படும் மரபணுச் சிப், மாட்டுக்கு மாடு வேறுபடும் ஆயிரக்கணக்கான மரபணு இடங்களை (குறியிடங்களை) படித்து, உண்மையான பகிர்வைக் கிடேரி கன்று ஈனும் முன்பே காட்டிவிடுகிறது.

எனினும் குறியிடம் தன்னளவில் பாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பால் பதிவுள்ள மாடுகளோடு ஒப்பிட்ட பிறகே அதற்குப் பொருள் கிடைக்கிறது. அந்த மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சோதனையே நடந்திருக்காது. சோதித்த, சோதிக்காத மாடுகள் இரண்டையும் ஒரே கணக்கில் இணைக்கும் முறையை 2009இல் லெகாரா, அகுய்லார், மிஸ்டால் ஆகிய ஆய்வாளர்கள் வகுத்தனர். அதன்படி, சோதித்த மாடுகளுக்கிடையிலான உறவு எண்களை (எவ்வளவு மரபணுவைப் பகிர்கின்றன என்ற அளவை) மரபணுத் தகவலைக் கொண்டு திருத்துவார்கள். அந்தத் திருத்தம் வம்சாவளி வழியே சோதிக்காத தாய்க்கும் சகோதரிக்கும் பரவும். ஆகவே தாய்க்குச் சோதனை இல்லாவிட்டாலும் அதன் கறவைப் பதிவு மகளின் இனப்பெருக்க மதிப்பில், அதாவது அது தன் கன்றுகளுக்குக் கடத்தும் திறனின் மதிப்பீட்டில், சேரும். வம்சாவளியையும் மரபணுத் தகவலையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டினால், பெற்றோரின் தகவல் இருமுறை எண்ணப்படும் அபாயம் உண்டு.

இணைப்பதிலும் கவனம் வேண்டும். வம்சாவளி, பதிவு தொடங்கிய தலைமுறையை அடித்தளமாக, அதாவது ஒப்பீட்டின் தொடக்கப் புள்ளியாக, கொள்கிறது. மரபணுக் கணக்கோ பெரும்பாலும் சோதித்த மாடுகளையே அடித்தளமாகக் கொள்கிறது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால் இளம் கிடேரிகளின் மதிப்பு தவறாகக் கூடும் அல்லது குறையும். தந்தை தெரியாத மாடுகளை இனம், பிறந்த காலம் பார்த்துக் குழுவாக்குவதும் இதனால்தான்.

நம் பகுதியில் நான் மிகவும் அஞ்சுவது தந்தை எண் தவறாக ஏறுவதைத்தான். ஜனவரி 5இல் ஓர் ஊசி போட்டு, சினை நிற்காமல் ஜனவரி 26இல் வேறு காளையின் ஊசி போட்டிருந்தால், பதிவில் முதல் காளையே நின்றுவிடுவது உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதால் அக்டோபர் இரண்டாம் வாரம் ஈன்றால் முதல் காளை, நவம்பர் தொடக்கத்தில் ஈன்றால் இரண்டாவது காளை என்று பெரும்பாலும் தீர்மானிக்கலாம். சம்பா அறுவடைக்குப் பின் மாடுகளை வயலில் அவிழ்த்துவிடும் நாட்களில் ஊர்க் காளை சேர்ந்திருக்கக்கூடும் என்றால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். காளைக்கும் சோதனை நடந்திருந்தால் சிப் இதைச் சரிபார்க்கும். ஒவ்வொரு குறியிடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகள் இருக்கும். ஓரிடத்தில் காளையிடம் ஒரு வடிவமே இரு பிரதிகளாக இருக்க, கன்றிடம் மற்ற வடிவமே இரு பிரதிகளாக இருந்தால் அந்த இடம் தந்தை-கன்று உறவோடு பொருந்தாது. ஒன்றிரண்டு ஆய்வகப் பிழையாக இருக்கலாம். அப்படிப் பல இடங்கள் வந்தால் தந்தை அந்தக் காளை அல்ல.

வெளிநாட்டுத் தூய ஜெர்சி மந்தைகளில் கண்ட குறியிட மதிப்புகளை நம் கலப்பினத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. டெல்டாவின் வெயிலிலும் வைக்கோல் தீவனத்திலும் கறக்கும் மாடுகளின் பதிவுகள்தான் இங்கு வேண்டும். இந்திய மாடுகளுக்கான கௌ சிப் 2024இல் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சிப்பும் பதிவின் இடத்தை நிரப்பாது. டெல்டாவின் நாட்டு உழவு இனமான உம்பளச்சேரி மாட்டுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் சேற்று வயலில் உழைக்கும் அதன் திறனைப் பால் பதிவிலிருந்து அறிய முடியாது.

ஆகவே காது வில்லையின் 12 இலக்க எண், உறைவிந்துக் குச்சியில் அச்சிட்ட காளை எண், ஒவ்வொரு ஊசியின் தேதி, ஈன்ற தேதி ஆகியவற்றோடு, மாதம் ஒரு நாள் காலை மாலைப் பாலையும் அளந்து எழுதுங்கள். கிடேரிகளின் மதிப்பு வந்ததும் அதன் நம்பகத்தன்மையையும் கேட்டு வாங்குங்கள். வேறுபாடு சிறிதாகவும் நம்பகத்தன்மை குறைவாகவும் இருந்தால், முதல் ஈத்தில் சில மாதக் கறவையைப் பார்க்கும்வரை இரண்டில் எதையும் விற்க வேண்டாம்.