“குதிகால் முள்ளை ஷாக் வைத்து உடைப்பார்களா?”

ஷாக்வேவ் சிகிச்சை: வாசகர் கேள்வி–பதில்

‘ஆபரேஷன் இல்லாமல் வலி போகும்’ என்ற போர்டுடன் ஷாக்வேவ் மெஷின் சேலத்துப் பிசியோதெரபி நிலையங்களுக்கு வந்ததிலிருந்து, இதைப் பற்றிக் கேட்டு எழுதுபவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, எலும்பு மூட்டு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

எனக்கு 52 வயசு. எட்டு மாசமா வலது குதிகால் வலி. காலைல கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கிறப்ப ஆணி குத்துற மாதிரி இருக்கு. பத்து அடி நடந்தா குறையுது, சாயந்திரம் மறுபடி ஆரம்பிச்சிடுது. எக்ஸ்ரேல எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்காம். ‘ஷாக் வெச்சு உடைச்சிடலாம்’கிறாங்க. கரண்ட் ஷாக்கா? பயமா இருக்கு.
– இல்லத்தரசி, அம்மாபேட்டை

கரண்ட் இல்லை அம்மா. உடம்புக்குள் மின்சாரம் போவதே கிடையாது. ஷாக்வேவ் என்பது தோல் வழியாக உள்ளே அனுப்பப்படும் அழுத்த அலை. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே பொடியாக்க இதை முதன்முதலில் மனிதருக்குப் பயன்படுத்தினார்கள். ‘உடைப்பது’ என்ற பேச்சு அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. குதிகாலில் எதையும் உடைப்பதில்லை. சிகிச்சை முடிந்து வலி போன பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் அந்த முள் அதே இடத்தில்தான் இருக்கும். வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அது உண்டு. ‘முள்ளை உடைக்கிறோம்’ என்று சொல்கிற இடத்தில் மற்ற விஷயங்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வலிப்பது முள் அல்ல. குதியெலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை வில்லின் நாண் மாதிரி ஓடும் பட்டை ஒன்று இருக்கிறது. பிளான்டர் ஃபேஷியா என்பார்கள். எலும்பில் அது ஒட்டும் இடம் நாள்கணக்கில் இழுபட்டுத் தடித்து, ஆறவும் ஆறாமல் அரைகுறையாக நிற்கிறது. அந்த இடத்தில் அலை தட்டும்போது புது ரத்த நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டப்படுகின்றன, வலியைக் கடத்தும் வேதிப்பொருள் குறைகிறது, நின்றுபோன பழுதுபார்ப்பு வேலை மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. குதிகால் வலிக்கான இத்தகைய கருவிக்கு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் சரிபார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதி கொடுத்தது.

மெஷினில் இரண்டு ஜாதி. நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது ‘ரேடியல்’. கம்ப்ரசர் காற்று, கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டைத் தள்ளிவிடும். அது முனையில் போய் மோதும். அந்த அடி அலையாகத் தோலுக்குள் பரவும். தோலருகே வலு அதிகம், ஆழம் போகப் போகக் குறைந்துவிடும். இன்னொன்று ‘ஃபோகஸ்டு’. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல அலையை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கும். விலையும் அதிகம், கட்டணமும் அதிகம். உங்கள் குதிகாலுக்கு ரேடியலே போதும்.

அமர்வில் என்ன நடக்கும்? குப்புறப் படுக்கச் சொல்லி, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விடுவார்கள். கட்டைவிரலால் குதிகாலின் உட்புறத்தை அழுத்தி, ‘இங்கேயா, இங்கேயா’ என்று கேட்டு, உச்சமாக வலிக்கும் புள்ளியில் பேனாவால் குறி போடுவார்கள். இந்தக் குறி போடும் வேலையில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் தடவுகிற அதே ஜெல்லைத் தாராளமாகப் பூச வேண்டும். முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். குதிகால் தோல் வெடித்துக் காய்த்துப் போயிருந்தால், இரண்டு நாள் முன்பே வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து மெலிதாக்கிவிட்டுப் போங்கள்.

பிறகு விசைத்தறி ஓடுகிற மாதிரி டக்டக்டக் என்று சத்தம் வரும். 1.5 பார் அழுத்தத்தில் ஆரம்பித்து, நீங்கள் தாங்கத் தாங்க 2.5, 3 என்று ஏற்றுவார்கள். ஒரு அமர்வுக்கு 2000 முதல் 3000 அடி. நொடிக்கு 10 அடி வீதம் 2000 அடிக்கு மூன்றரை நிமிடம்கூட ஆகாது. ‘அரை மணி நேர ஷாக்வேவ்’ என்று யாராவது சொன்னால் மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். வலி இருக்கும், ஆனால் பத்துக்கு ஐந்து, ஆறைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாய்விட்டுச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு செய்வதும் வேண்டாம். அப்படிச் செய்தால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலிக்கும் புள்ளியைச் சொல்ல உங்கள் வாயும் வேண்டுமே.

வாரத்துக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வு. கூடவே வீட்டில் இரண்டு வேலை. ஒன்று, காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முன்பே வலிக்கிற காலை மற்ற தொடையின் மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் மடக்கி இழுத்து 10 எண்ணுங்கள். இது 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. இன்னொரு கை உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தால் பட்டை கம்பிபோல விறைத்திருக்க வேண்டும். விறைக்கவில்லை என்றால் இழுப்பு போதவில்லை. இரண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டு விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, 3 நொடியில் குதிகாலைத் தூக்கி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குங்கள். 12 தடவை வீதம் மூன்று சுற்று. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு காலாலும், பழகியதும் ஒற்றைக் காலாலும் செய்யலாம். கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமைக்க வேண்டாம். வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி தனியாக வாங்கிவிடுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் ஷாக்வேவ் மட்டும் எடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பி வருவீர்கள்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் குறட்டால் வளையம் கோர்க்கிற வேலை. வலது முழங்கை வெளிப்பக்கம் வலி, டம்ளரைக்கூட தூக்க முடியல. இதுவரைக்கும் ரெண்டு ஊசி போட்டாச்சு, கடைசி ஊசி போட்டு மூணு வாரம் ஆகுது. வர்ற திங்கள்கிழமை ஷாக்வேவ்னு தேதி கொடுத்திருக்காங்க. போகலாமா?
– 38 வயது வாசகர், சிவதாபுரம்

திங்கள்கிழமை வேண்டாம். நீங்கள் போட்டது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்கும், சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த ஊசி தசைநாணைக் கொஞ்ச காலம் பலவீனமாக வைத்திருக்கும். அதனால் போட்ட நாளிலிருந்து ஆறு வாரமாவது விட வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. மூன்றாவது ஊசியும் வேண்டாம். டென்னிஸ் எல்போ எனப்படும் இந்த முழங்கை வெளிப்பக்க வலியில் ஸ்டீராய்டு முதல் ஆறு வாரம் அருமையாக வேலை செய்யும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களே பின்தங்கி நிற்கிறார்கள்.

குதிகாலில் இருக்கிற அளவு உறுதியான ஆதாரம் முழங்கைக்கு இல்லை. சில ஆய்வுகளில் பலன் உண்டு, சிலவற்றில் இல்லை. எனவே அதில் பணம் போடுமுன் இந்த மூன்று வாரத்தை உபயோகப்படுத்துங்கள். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். இடக்கையால் வலது மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, இறக்குவதை மட்டும் வலக்கையே நாலு நொடி எடுத்து மெதுவாகச் செய்யட்டும். 15 தடவை, மூன்று சுற்று, தினமும். செய்யும்போது லேசாக வலிக்கலாம், மறுநாள் காலை வரை நீடித்தால் பாட்டிலில் இருந்து பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

குறட்டின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை நாலு சுற்றுச் சுற்றினால் பிடி தடிமனாகி, முன்கை இறுகுவது குறையும். எந்தப் பொருளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள். விரல்கள் மரத்துப்போகிறதா, கழுத்தைத் திருப்பினால் கைக்கு இழுக்கிறதா? அப்படியானால் மூலம் கழுத்தில் இருக்கலாம். முழங்கையில் எத்தனை ஷாக் வைத்தாலும் பிரயோஜனமில்லை.

மிளகு பறிக்க ஏணி ஏறுற வேலை. வயசு 29. ரெண்டு குதிகாலும் வலிக்குது. காலைல எழுந்தா இடுப்பும் பிடிச்சுக்குது, ஒரு மணி நேரம் நடமாடினாத்தான் சரியாகுது. சேலத்துல அஞ்சு அமர்வுக்கு மொத்தமா பணம் கட்டச் சொல்றாங்க.
– நாகலூர், ஏற்காடு

கட்டாதீர்கள் தம்பி. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியின் குச்சியில் பாதத்தின் நடுப்பகுதியை வைத்து மணிக்கணக்கில் நின்றால் உள்ளங்கால் வலிப்பது சகஜம்தான். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் அது குறையும். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு மூன்று விஷயங்கள் இருக்கின்றன: முப்பது வயதுக்குள், இரண்டு காலிலும், கூடவே ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைகிற இடுப்புப் பிடிப்பு. இது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற வாத நோயாக இருக்கலாம். அதில் குதிகால் வலிக்குக் காரணம் உள்ளுக்குள் நடக்கும் அழற்சி. ஷாக்வேவ் அதைத் தொடாது, மாதங்கள்தான் வீணாகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் போய், நீங்கள் எங்களுக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தேவைப்பட்டால் இந்த நோயோடு தொடர்புள்ள மரபுக்கூறைத் தேடும் எச்.எல்.ஏ. பி-27 ரத்தப் பரிசோதனையும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் படமும் எடுப்பார்கள். கண் சிவந்து வலித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் உரசும் இடத்தில் வீங்கி வலிக்கிறது. யூடியூப் பார்த்து, படிக்கட்டு விளிம்பில் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்தேன், அதிகமாகிவிட்டது.
– அஸ்தம்பட்டி

பயிற்சி சரி, இடம் தப்பு. அந்தப் படிக்கட்டுப் பயிற்சி, கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாணின் நடுப்பகுதியில், அதாவது குதியெலும்புக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தள்ளி வலிப்பவர்களுக்கு. உங்களுக்கு வலிப்பது நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே. குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது நாண் எலும்போடு நசுங்குகிறது. அதே பயிற்சியைச் சமதளத்தில் செய்யுங்கள்: 15 தடவை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். ஷூவுக்குள் ஒரு சென்டிமீட்டர் குதிகால் அட்டை வையுங்கள். மூன்று மாதம் தாண்டிய வலி என்றால் ஷாக்வேவ் நன்றாகக் கைகொடுக்கிற இடம் இது. கொண்டை ஊசி வளைவு ஏற்றங்களைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டுச் சமதரையில் ஓடுங்கள்.

ஒரு கேள்வி எங்களிடமிருந்தும். சமீபத்தில் சிறுநீர்த் தொற்றுக்கோ வேறெதற்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை சாப்பிட்டீர்களா? அவை அக்கிலிஸ் நாணைப் பாதிக்கக் கூடியவை. சாப்பிட்டிருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோள்பட்டையில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம். அதற்கும் இதே மெஷின்தானா?
– சூரமங்கலம்

அதற்கு ஃபோகஸ்டு மெஷின் உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள். படிவு ஆழத்தில் இருப்பதால் எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்துக் குறிவைக்க வேண்டும். இங்கே மட்டும் ‘கரைகிறது’ என்ற பேச்சு ஓரளவு நிஜம். படிவு கரைந்து போவதைப் பிறகு எடுக்கிற எக்ஸ்ரேயில் பார்க்கலாம். சுண்ணாம்பு இல்லாத சாதாரணத் தோள்வலிக்கு இதே நம்பிக்கையை நாங்கள் கொடுக்க மாட்டோம்.

சுகர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறேன். எடுக்கலாமா?
– ஆத்தூர்

வார்ஃபரின் மாதிரி மாத்திரை என்றால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் கூடாது, உள்ளுக்குள் ரத்தம் கட்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டும் போகாதீர்கள், அது இன்னும் ஆபத்து. சுகரால் பாதம் மரத்திருந்தால் வலியின் அளவை உங்களால் சொல்ல முடியாது. முதலில் பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் அந்த இடத்தில் வலிக்காக ஷாக்வேவ் கூடாது. கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள், எலும்பு வளரும் வயதுப் பிள்ளைகளின் வளர்முனைப் பகுதி, நுரையீரலுக்கு மேலுள்ள நெஞ்சுப் பகுதி, இவர்களுக்கும் இந்த இடங்களிலும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இதய மருத்துவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ரெண்டு அமர்வு முடிஞ்சுது. வலி முன்னைவிட அதிகமான மாதிரி இருக்கு. ஏமாந்துட்டேனா?
– குகை

இப்போதே தீர்ப்பு சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்து ஓரிரு நாள் சிவப்பு, லேசான வீக்கம், வலி கூடுவது எல்லாம் உண்டு. அந்த 48 மணி நேரம் ஓட்டம், குதித்தல், பாரம் தூக்குதல் வேண்டாம், வழக்கமான நடை போதும். தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளைச் சிகிச்சை நடக்கும் வாரங்களில் தவிர்க்கச் சொல்வது வழக்கம், ஏனென்றால் நாம் தூண்டிவிட நினைக்கும் அழற்சியையே அவை அமுக்கும். பலன் கடைசி அமர்வு முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள்தான் தெரியும். காலையில் முதல் அடி வைக்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் தினமும் எழுதி வாருங்கள். அந்த எண் பன்னிரண்டு வாரத்திலும் அசையவில்லை என்றால் இன்னும் ஐந்து அமர்வுக்குப் பணம் கட்டாமல், நோய் அதுதானா என்று அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் பாருங்கள்.

இதற்கு நடுவே குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். கெண்டைக்காலின் கீழே பட்டென்று அறுந்த சத்தம் கேட்டு, நுனிக்காலில் எழும்பி நிற்க முடியாமல் போனால் அக்கிலிஸ் நாண் அறுந்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றே எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.