இ-வேஸ்ட் ரீசைக்கிளிங் தொழிலுக்கு எந்த ஷ்ரெட்டர் வாங்கணும்?

ஷ்ரெட்டர்னா பழைய சிபியு, போர்டு, பிரிண்டரையெல்லாம் துண்டு துண்டா கிழிச்சுப் போடுற மெஷின், அவ்ளோதான். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு ஷாஃப்ட் (பிளேடு மாட்டின சுத்துற தண்டு) உள்ள மெஷின்தான் என் சாய்ஸ், ஏன்னா அது மெதுவா சுத்தும் ஆனா முறுக்கு விசை ஜாஸ்தி, இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்து வந்தாலும் கவ்வி இழுத்துக் கிழிச்சிரும், தூசியும் கம்மி. ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊர்ல நண்டு பிடிச்சவங்களுக்குத் தெரியும், கொடுக்கு மெதுவாத்தான் இறுக்கும், ஆனா விரல் போச்சு. சிக்குனா தானா ரிவர்ஸ் எடுக்குதான்னு ஓடவிட்டுப் பாருங்க. நம்ம கடலோர உப்புக்காத்துக்கு, கரண்ட் கன்ட்ரோல் இருக்கிற பேனல் பாக்ஸ் நல்லா சீல் ஆகியிருக்கணும். லித்தியம் பேட்டரிய முன்னாடியே கழட்டிருங்க, பிளேடு பட்டா தீப்பிடிச்சிரும்.

ஷ்ரெட்டர் போட்டாலே செம்பு தனியா வந்துரும்னு பலபேர் நெனைக்கிறாங்க, இல்லங்க, அது கிழிக்க மட்டும்தான், இரும்பை எடுக்க காந்தம், அலுமினியம் செம்பு பிரிக்க வேற மெஷின் வேணும்.