தர்மக் காசில் பேரனுக்கு வைத்தியமா?

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து ஒரு வருடம் நன்றாக இருந்தான். இப்போது திரும்ப வந்துவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில், "புது மருந்துக்கு ட்ரையல் நடக்கிறது, நன்கொடைப் பணம், மருந்துக்குக் காசு வேண்டாம்" என்கிறார்கள். மகன் கையெழுத்துப் போடத் தயார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊருக்கு அன்னதானம் போட்ட வீடு இது. தர்மக் காசில் பிள்ளைக்கு வைத்தியமா? சும்மா தருகிறார்கள் என்றால் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?
— ஓர் அப்பத்தா, காரைக்குடி வட்டாரம்

ஆச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சோதனைதான். "அதெல்லாம் இல்லை" என்று யாராவது பூசி மெழுகினால் அவரை நம்பாதீர்கள். பலன் தெரிந்துவிட்ட மருந்துக்கு ட்ரையல் எதற்கு? ட்ரையல் கட்டம் கட்டமாக நடக்கும்; முதல் கட்டம் என்றால் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே முக்கிய வேலை. அதனால் எத்தனையாவது கட்டம் என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

தர்மக் காசு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டு பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், மகமை என்று தனியாக எழுதியிருப்பார்கள். லாபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் சத்திரத்தில் சாப்பிட்டவரை உங்கள் ஐயா கேவலமாக நினைத்திருப்பாரா? இதுவும் அப்படித்தான். நோய் திரும்பி வரும் குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்காக மருந்து தேடுவதில் கம்பெனிகளுக்குப் பெரிய லாபம் இல்லை. அந்த இடத்தை நிரப்புவதில் நன்கொடைக்குப் பெரிய பங்கு உண்டு.

இது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1947-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். (அவர் பெயர் நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?) சில குழந்தைகளுக்கு நோய் அடங்கியது, ஆனால் தற்காலிகமாகத்தான். அடுத்த வருடம் ரேடியோவில் ஒரு சிறுவனைப் பேசவைத்து நன்கொடை கேட்டபோது ஜனங்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். உங்கள் பேரனுக்கு முதலில் கொடுத்த கீமோ, அங்கிருந்து படிப்படியாக வந்ததுதான்.

அதனால் வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். ஆனால் காசு வாங்கியதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். பணம் கொடுத்தவருக்கு உங்கள் பேரன் மேல் ஓர் உரிமையும் கிடையாது. எந்த நாளும் விலகலாம், அதற்காக ஆஸ்பத்திரி வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ட்ரையலுக்கு எண் இருக்கிறதா, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் கொடுத்ததா என்று கேளுங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவை ஆய்வு நடத்துபவர் ஏற்க வேண்டும் என்று மருந்து ட்ரையலுக்கான 2019 விதிகள் சொல்கின்றன; அது படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "மருந்து இலவசம்" என்றால் ரூம் வாடகை, ரத்தப் பரிசோதனை, காரைக்குடியிலிருந்து போய்வரும் செலவு எல்லாம் இலவசமா? அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதில் சேராவிட்டால் வேறு என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ட்ரையலைவிட எலும்பு மஜ்ஜை மாற்று பொருத்தமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை அவர்தான் சொல்ல முடியும். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கவுன்டரில் நின்றபடி போடுகிற கையெழுத்து இல்லை இது. உங்களுக்கும் ஒருவர் வாசித்துக் காட்டட்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி அவன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மகன் என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. பேரன் என்ன சொன்னான் ஆச்சி?