நாரி நோவும் சிறுநீரகமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் உப்புவெளி. அப்பாவுக்கு வயது 58, கரைவலை இழுக்கிறவர். சில மாதங்களாக நாரி நோ. குனிந்து நிமிர்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பக்கத்து வீட்டு மாமா "இது கிட்னிதான்" என்று சொன்னதில் இருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. அப்பா பாமசியில் நோக்குளிசை வாங்கிப் போட்டார். இப்போது நோ நின்றுவிட்டது. "கிட்னி சுகமாகிவிட்டது, இனி ஏன் டொக்டர்?" என்கிறார். குளிசையை மட்டும் விடவில்லை, தொழிலுக்குப் போகும் நாளெல்லாம் போடுகிறார். சிறுநீரகம் முதுகில் எந்த இடத்தில் இருக்கிறது? நோ போனால் அது சுகம் என்று எடுக்கலாமா? ஸ்கான் ஒன்று எடுத்தால் போதுமா?

ஒரு மகள்

அன்புள்ள பிள்ளை,

முதலில் இடத்தைப் பார்ப்போம். அப்பாவை உட்காரவைத்து, முதுகுப் பக்கம் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். முள்ளந்தண்டின் இரு பக்கமும் தடித்த தசை ஓடுகிறது. அந்த விலா எலும்பு அதைத் தொடுகிற மூலைக்கு உள்ளேதான் சிறுநீரகம். மேற்பகுதி விலாக்களுக்குள் மறைந்திருக்கும். கடைசி நெஞ்சு முள்ளென்பு தொடங்கி மூன்றாவது நாரி முள்ளென்பு வரை, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளம். மேலே ஈரல் இருப்பதால் வலதுபக்கத்துச் சிறுநீரகம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஆனால் "கிட்னி நோகுது" என்று சொல்லிப் பலர் கை வைப்பது சாரம் கட்டும் உயரத்தில். அது நான்காவது நாரி முள்ளென்பின் மட்டம். சிறுநீரகம் அவ்வளவு கீழே வருவதில்லை.

அங்கே இருப்பவை எலும்பும் தசையும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் விளிம்புக்கும் நடுவே குவாட்ராட்டஸ் லம்போரம் என்ற தட்டையான தசை. அதற்கு உள்ளே, முள்ளந்தண்டை ஒட்டிச் சோவாஸ். இது நாரி முள்ளென்புகளின் பக்கத்தில் தொடங்கி இடுப்பைக் கடந்து தொடையெலும்பின் மேல்முனையில் போய் முடிகிறது. தொடையைத் தூக்குவதும், படுத்தவர் எழும்பி உட்காருவதும் இதன் வேலை. முள்ளந்தண்டில் காசநோய் வந்தால் சீழ் சில வேளை இந்தத் தசையின் உறைக்குள்ளே வழிந்து தொடை இடுக்கில் வீக்கமாக வெளிவரும். நோய் ஓர் இடத்தில், அடையாளம் வேறோர் இடத்தில். முதுகுச் சுவரைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

இந்தச் சுவருக்கு முன்னால் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு திரைபோல இருக்கிறது. இரைப்பையும் சிறுகுடலின் பெரும்பகுதியும் திரைக்கு முன்னால். பின்னால் இருப்பவை சிறுநீரகங்கள், அவற்றின் தலையில் அதிரீனல் சுரப்பிகள், சதையி என்ற கணையம் (வால் நுனி நீங்கலாக), முன்சிறுகுடலின் பெரும்பகுதி, பெருங்குடலின் ஏறுகிற இறங்குகிற பகுதிகள், பெருநாடி, கீழ்ப்பெருநாளம் என்ற பெரிய இரத்தக் குழாய்கள். இவ்வளவும் ஓர் ஒடுங்கிய இடத்துக்குள். ஆகவே நாரி நோ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பலர் நிற்கலாம். யார் என்று பிரித்தறிய, நோ எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

தசை, எலும்பு நோ அசைவோடு கூடும், ஓய்வில் குறையும். அப்பாவுக்கு நீங்கள் எழுதியிருப்பது இதுதான். சிறுநீரகக் கல் நோ அப்படி இல்லை. சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்குப் போகிற குழாயான சிறுநீர்க்கான் சோவாஸ் தசையின் மேலேயே கீழிறங்குகிறது. 25 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம், மூன்று இடங்களில் இன்னும் ஒடுக்கம். கல் ஒன்று அங்கே சிக்கினால் நோ விலாவுக்குக் கீழிருந்து கவட்டுப் பக்கம் இறங்கும். எப்படிப் படுத்தாலும் சுகம் வராது, ஆள் புரண்டு புரண்டு துடிப்பார். சதையி அழன்றால் மேல்வயிற்று நோ முதுகுக்கு ஊடுருவும், முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். காய்ச்சல், நடுக்கம், நான் முதலில் சொன்ன அந்த மூலையில் தட்டினால் நோ என்றால் சிறுநீரகத்தில் கிருமி தொற்றியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புகைபிடிக்கும் வயதானவருக்குத் திடீரென்று கடும் முதுகு நோ வந்து தலைசுற்றினால் பெருநாடி வீங்கி வெடித்திருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நாரி நோவோடு கால் சோர்ந்துபோனாலும், சலம் போகாமல் நின்றாலும் அப்படித்தான்.

சரி, நோ போனால் சிறுநீரகம் சுகமா? இல்லை, பிள்ளை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இந்த இடம்தான். சிறுநீரகத்தின் உள்ளே இருக்கிற திசுவுக்கு நோ உணர்வே கிடையாது. வெளியுறையும் சிறுநீர் வழியும் இழுபட்டால்தான் நோகும். கல் அடைத்தால் அல்லது கிருமியால் வீங்கினால் கத்தும். மெல்ல மெல்லச் செயலிழக்கும்போது சத்தமே போடாது. காரணம் உறுதியாகத் தெரியாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. நம் திருகோணமலை மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் அது இருக்கிறது. பிந்திய கட்டம் வரை ஒரு குறியும் காட்டாமலே அது போய்விடும். ஆகவே அப்பாவின் நோ வந்தபோதும் அது சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நின்றபோதும் சொல்லவில்லை.

அந்தக் குளிசைதான் இப்போது உண்மையான ஆபத்து. நாரி நோவுக்கு வாங்கிப் போடுகிற டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை உடலில் புரொஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன. நோ குறைவது அதனால்தான். உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் இதே புரொஸ்டாகிளாண்டின்கள். உச்சி வெயிலில் வலை இழுத்து, வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் அந்தக் குளிசையைப் போட்டால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைகிறது. பிரஷரும் சீனியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூட. சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லாத மனிதர், கிட்னி நோ என்று நினைத்துப் போடுகிற குளிசையாலேயே அதைக் கெடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம். நம் கடற்கரை முழுக்க இது நடக்கிறது, தடுக்கவும் முடியும். தினமும் போடுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நோ திரும்ப வந்தால் எதைப் போடலாம் என்று டொக்டரிடம் கேட்டுப் போடட்டும்.

ஸ்கான் பற்றிக் கேட்டீர்கள். ஸ்கான் சிறுநீரகத்தின் அளவையும் உருவத்தையும் காட்டும், கல்லையும் அடைப்பையும் காட்டும். எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டாது. அதற்கு இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள், சலத்தில் அல்புமின் என்ற புரதம் பார்க்க வேண்டும். கிரியாட்டினினும் பிந்தித்தான் கூடும், சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறைந்த பிறகும் அது வழமையான அளவுக்குள் இருக்கலாம். அதனால் சலப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பிரஷரும் சீனியும் அதே நாளில் பார்க்கலாம். அப்புறம், போகும்போது அந்தக் குளிசை மட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை மாதமாகப் போடுகிறார் என்று டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.