ஏ380 இறங்கும்போது பின்னால் வரும் சின்ன விமானத்துக்கு ஏன் இவ்வளவு இடைவெளி?

மொரிசியஸில் பிளேசான்ஸ் விமான நிலையம் பக்கம் நின்று பார்ப்பவர்களுக்கு வரும் கேள்வி இது: துபாயிலிருந்து ஏ380 என்ற மிகப்பெரிய பயணிகள் விமானம் இறங்கி ஓடுபாதையை விட்டு விலகிய பிறகும், ரொட்ரீக் தீவிலிருந்து வரும் ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம் ஏன் இன்னும் தூரத்திலேயே இருக்கிறது?

இறங்க வரும் இரு விமானங்களுக்கு நடுவே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விடும் குறைந்தபட்ச தூரத்தைத்தான் இடைவெளி என்கிறோம். ரேடாரில் வழக்கமாக 3 அல்லது 5 கடல் மைல். ஆனால் ஏ380க்குப் பின்னால் ஏடிஆர் போன்ற, எடை வகையில் ‘நடுத்தரம்’ எனப்படும் விமானம் வந்தால், சர்வதேச விதிப்படி 7 கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர். ஏடிஆரின் வேகத்தில் அது மூன்று நிமிடத்துக்கும் மேல்.

காரணம் காற்றுச்சுழல். இறக்கைக்கு அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்தக் காற்று இறக்கை நுனியில் மேல்நோக்கிச் சுருண்டு, இரண்டு சுழல்களாகப் பின்னால் நீளும். எடை கூடக் கூட, வேகம் குறையக் குறைய சுழல் வலுக்கும். இறங்கும் நேரம் வேகம் குறைவு, தரையும் பக்கத்தில். சுழலுக்குள் மாட்டும் சின்ன விமானம் ஒரு பக்கமாகப் புரண்டால் நிமிர்த்த உயரம் இருக்காது.

மாயேபூர் கடலில் பெரிய படகு போய்விட்ட பிறகுதானே அதன் அலை வந்து மீன்பிடிப் படகை ஆட்டுகிறது? அதே கதைதான். பலத்த காற்று சுழலைச் சீக்கிரம் கலைத்துவிடும். மெல்லிய குறுக்குக்காற்றோ அதை ஓடுபாதைமேலேயே நிறுத்திவைக்கும். அமைதியான நாள்தான் அதிக கவனம் கேட்கும்.

பலர் நினைப்பதுபோல இது என்ஜின் புகையின் வீச்சு அல்ல. என்ஜினே இல்லாத கிளைடரின் இறக்கையும் இதே சுழலை, சிறிய அளவில், உண்டாக்கும்.